டண்டினொங்கில் குலை போட்ட வாழை

எனக்கும் என் கணவருக்கும் கல்யாணமான பிறகு நடந்த சண்டைகளில் பெரியது ஒரு வாழையைப் பற்றியது. அது மூன்று குளிர்காலம் நீடித்தது. சண்டை என்று நான் சொன்னாலும் சத்தம் போட்டது முக்கால்வாசி நான்தான். அவர் வாய் திறக்கிற ஆள் இல்லை. வாய் திறக்காதவர்களோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்தோம். எனக்கு ஆஸ்பத்திரி லாபில் வேலை கிடைத்திருந்தது. அவர் ஊரில் விவசாயப் பகுதியில் போதனாசிரியர், தோட்டக்காரர்களுக்குப் பயிர் யோசனை சொல்கிறவர். அரசாங்கத்திடம் ஐந்து வருஷம் சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். ஐந்தாம் வருஷம் முடிவதற்குள் திரும்பிப் போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் வேலை போய்விடும். இங்கே அவருடைய படிப்பை யாரும் கணக்கெடுக்கவில்லை. மெல்பேர்ணின் ஓரத்தில் நாங்கள் குடியிருந்த டண்டினொங்கில், சாமான் அடுக்கும் ஒரு பெரிய ஸ்ரோர்ஸில் பெட்டிகள் வருவதையும் போவதையும் சரிபார்க்கும் வேலைதான் கிடைத்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. காலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போட்டு வாறன் என்று சொல்லிப் போவார். மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றி, குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்.

அவர் திரும்பிப் போக விரும்பினார். நான் இருக்க விரும்பினேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஊரில் நான் வேலை செய்த இடத்தில் பெரிய டொக்டர் என்னைப் பார்த்துப் பேசியது கிடையாது. எனக்குச் சொல்லவேண்டியதைக்கூட வேறு யாருக்கோ சொல்வார், அவர் வந்து எனக்குச் சொல்வார். இங்கே டொக்டர்களே லாப் கதவைத் தட்டி, இந்த முடிவு சரிதானா, இன்னொருதரம் பார்ப்பாயா என்று என்னிடம் கேட்டார்கள். முதல்நாள் அப்படிக் கேட்டபோது நான் கழிவறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போக நான் தயாராய் இல்லை.

முதல் வருஷம், இங்கே குளிர்காலமான ஆகஸ்ட் மாதத்தில், வெளியே மழை பெய்து காற்று ஊதிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நேராகக் கேட்டேன், இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று. அவர் யன்னலுக்கு வெளியே இருந்த ஈரப் புல்லைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"எங்கட மரம் ஒண்டு இந்தக் குளிருக்குத் தாக்குப்பிடிச்சுக் காய்க்கட்டும். பிறகு இருக்கிறதைப் பற்றிக் கதைப்பம்."

அவர் அதைப் பகிடியாகச் சொன்னாரா, பேச்சை முடிக்கச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் பிடித்துக்கொண்டேன். சொன்ன சொல் மாறக்கூடாது என்றேன். மாறமாட்டேன் என்றார். அடுத்த சனிக்கிழமையே செடி வாங்கக் கிளம்பிவிட்டேன்.

முதலில் சந்தையில் முளைவிட்ட தேங்காய் ஒன்றைக் கண்டு வாங்கினேன். அதை ஹீட்டருக்குப் பக்கத்தில் வாளியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஓலை விட்டது. மூன்றாவது ஓலை வெளியே வராமலே கறுத்துப்போனது. அடுத்து வைத்த பப்பாசி கோடையில் என் தோள்வரை வளர்ந்து என்னை ஏமாற்றியது. ஜூன் பிறந்ததும் ஒரே வாரத்தில் தண்டு சொதசொதவென்று ஆகி, நின்ற இடத்திலேயே சரிந்தது. கமுகு மாதிரியே இருந்த ஒரு கன்றை வாங்கி முன்வாசலில் வைத்தேன். அது மட்டும் எந்தக் குளிருக்கும் அசையவில்லை. கம்பீரமாக நின்றது. நான் அவரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் குனிந்து ஓலையை விரித்துப் பார்த்துவிட்டு, இது இந்த நாட்டுக் காட்டு மரம், கமுகு இல்லை, ஆட்டத்தில் சேராது என்றார். அவர் சொன்னது சரி. செடியோடு தொங்கிய அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் அந்த அட்டையை முதல்நாளே கழற்றிக் குப்பையில் போட்டிருந்தேன்.

பிறகுதான் வாழைக்கு வந்தேன். நகரத்துக்கு வெளியே ஒரு செடிக்கடையில், வீட்டுக்குள் அழகுக்கு வைப்பது என்று ஒரு வாழையை விற்றார்கள். இது தின்கிற பழம் காய்க்கும் சாதியா என்று கடைக்காரரிடம் மூன்றுதரம் கேட்டு உறுதிப்படுத்தினேன். காய்க்கும் சாதிதான், ஆனால் இந்த ஊரில் காய்க்காது என்றார். அவருக்கு என்னைப் பற்றித் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வாங்கி வந்தேன்.

எங்கள் ஊரில் வாழையை எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடும் வழியில் வைப்பார்கள். என் வீட்டில் கிணறு இல்லை, பின்பக்கத்தில் ஒரு பைப் இருந்தது. அதன் பக்கத்தில் வைத்தேன். மண்வெட்டியால் சுற்றிவரக் கொத்தி, வரம்பு கட்டி, பெரிய வட்டப் பாத்தி ஒன்று செய்தேன். நான் தோட்டக்காரரின் பிள்ளை இல்லை என்றாலும் பாத்தி கட்டுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் கைவரும். அவர் குசினி யன்னலில் தேத்தண்ணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தபோது, பாத்தி வடிவாய் இருக்கு என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கோடையில் வாழை பத்து இலை விட்டது. காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான் போயின. மே மாதம் கடைசியில், விடிய எழுந்து பார்த்தால் புல் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. அடுத்தநாள் வாழை இலைகளின் ஓரம் கருகி மண்ணிறமாகிவிட்டது. எனக்கு அதைப் பார்த்ததும் பதறியது. கருகின இலையை நான் பிறந்ததிலிருந்து கண்டிருக்கிறேன். வைகாசி வெயிலில் தண்ணீர் காணாத வாழை அப்படித்தான் இருக்கும். அதற்கு மருந்தும் தெரியும். ஓடிப்போய் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.

பிறகு கருகக் கருக ஊற்றினேன். மழையும் ஊற்றியது. அந்த இடத்து மண் களி. என் பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்று அதில் வானம் தெரிந்தது. சூரியன் வடக்கே சாய்ந்து போகிற நாடு இது. வடக்கே கொட்டகை மறைத்து நின்ற அந்த மூலைக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஒரு சொட்டு வெயில் விழவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இலை கருகினால் தண்ணீர் விடவேண்டும் என்பதுதான். ஆகஸ்டில் குருத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது கையோடு வந்தது. அழுகிய நாற்றம் அடித்தது. நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலியப் பெண் இருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், விதவை. அத்தி, எலுமிச்சை, பெயர் தெரியாத கீரைகள் என்று ஒரு முழத்தையும் வெறுமையாக விடாமல் வைத்திருந்தாள். அவளுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் வேறு வேறு பாஷைகள் என்றாலும், அழுகிற பெண்ணைப் பார்த்து என்னவென்று கேட்க அது போதும். வேலியால் வந்து பாத்தியைப் பார்த்தாள். விரலை மண்ணுக்குள் விட்டாள். முகத்தைச் சுளித்தாள். வாழையைப் பிடித்து இழுத்து வேரைக் காட்டினாள். கறுப்பாக நூல்நூலாக இருந்தது. குளிர் கொல்லவில்லை, தண்ணீர்தான் கொன்றது என்பதைக் கையாலும் முகத்தாலும் எனக்கு விளங்கவைத்தாள். தன்னுடைய அத்தியைக் காட்டினாள். அது வடக்கே பார்த்த செங்கல் சுவரோடு ஒட்டி, உடைந்த கல்லெல்லாம் போட்டு உயர்த்திய ஒரு மேட்டின்மேல் நின்றது.

அன்றிரவு சாப்பிடும்போது நான் இதை அவருக்குப் பெரிய கண்டுபிடிப்புப்போலச் சொன்னேன். மேட்டில் வைக்கவேண்டுமாம், சுவரோடு வைக்கவேண்டுமாம், குளிர்காலத்தில் தண்ணீர் காட்டவே கூடாதாம் என்றேன். அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஓம். குளிர் மண்ணிலை ஈரம் நிண்டா வேர் அழுகும்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். நான் பாத்தி கட்டும்போதே தெரியுமா என்றேன். அதற்கும் ஓம். அப்படியென்றால் பாத்தி வடிவாய் இருக்கு என்று ஏன் சொன்னீர்கள் என்றேன். வடிவாய்த்தானே இருந்தது என்றார்.

நான் எழுந்து, என் கோப்பையைக் கொண்டுபோய் அந்தச் சோற்றைக் குப்பையில் கொட்டினேன். ஒரு மனிதர் எட்டு மாதம் யன்னலில் நின்று, மனைவி தன் கையாலேயே மரத்தைக் கொல்வதை, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாதபடியால் குசினியில் தாச்சிச் சட்டியையும் மூடியையும் பேசவிட்டேன். நாலாம் நாள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன், இனி உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், ஆனால் இந்த மண்ணில் ஒரு குலை தள்ள வைக்காமல் விடமாட்டேன் என்று. அவர் சரி என்றார்.

மூன்றாம் வருஷம் செப்டெம்பரில் அதே கடைக்குப் போய் இன்னொரு வாழை வாங்கினேன். கடைக்காரர் என்னை ஞாபகம் வைத்திருந்தார், பாவமாகப் பார்த்தார். இத்தாலியப் பெண்ணும் நானும் வீட்டின் வடக்கே பார்த்த பின்சுவரோடு வேலையைத் தொடங்கினோம். அவளிடம் நீட்டு இரும்பு அலவாங்கு ஒன்று இருந்தது. களியை உடைத்து எடுத்தோம். யாரோ வீடு இடித்த இடத்திலிருந்து உடைந்த செங்கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அடியில் போட்டோம். அதன்மேல் மணல், மண், கோழிப் பசளை. முழங்கால் உயரத்துக்கு மேடு வந்தது. இரண்டு பழைய தகரப் பீப்பாய்களைக் கறுப்பு நிறமடித்து, தண்ணீர் நிரப்பி, மேட்டின் இரண்டு பக்கமும் வைத்தேன். பகலில் வெயிலைக் குடித்து விடிய விடியச் சூட்டை விடும் என்று நூலகத்துப் புத்தகம் ஒன்றில் வாசித்திருந்தேன். அவர் வேலையால் வந்து இவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு உள்ளே போவார். நானும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நாலாம் வருஷக் குளிர்காலம் வந்தது. மழையில் மேடு நனையாமல் இருக்கக் கூரைத் தகரம் ஒன்றைச் சாய்த்து வைத்தேன். நாலு தடி நட்டு, சுற்றிவரச் சாக்குக் கட்டி, நடுவில் வைக்கோல் அடைத்தேன். தினமும் பின்னேரம் மேலே ஒரு பழைய போர்வையைப் போடுவேன், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எடுப்பேன். போர்வையை எடுக்க மறந்தால் இருட்டில் இலை வெளிறும், போட மறந்தால் உறைபனியில் கறுக்கும். ஒருநாளும் மறக்கவில்லை. காய்ச்சலோடும் போனேன். லாபில் என்னோடு வேலை செய்தவர்கள் நான் வீட்டில் ஒரு குழந்தை வளர்க்கிறேன் என்று பகிடி பண்ணினார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

செப்டெம்பரில் சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். இலைகள் எல்லாம் கந்தலாய்த் தொங்கின. ஆனால் நடுவில், பச்சையாய், சுருட்டிய கடதாசிபோலக் குருத்து நின்றது. தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. வேலியால் எட்டிப் பார்த்து இத்தாலியப் பெண்ணைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் அங்கேயே நின்று கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அந்தக் கோடையில் அது வளர்ந்த வளர்த்தி கூரையைத் தொட்டது. ஐந்தாம் வருஷம் மார்ச்சில் வாழைப்பூப் பொத்தி தள்ளியது. ஐந்து சீப்பு. நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் தானாகவே கண்டு, நின்று, எண்ணிப் பார்த்தார். ஐந்து சீப்பு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அவருடைய முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் பொத்தி தள்ளுவது ஆட்டத்தில் பாதிதான். மார்ச்சில் தள்ளிய குலை முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். அது குளிர் முழுவதையும் மரத்திலேயே தொங்கிக் கடக்கவேண்டும். அவருடைய லீவு அந்த வருஷக் கடைசியில் முடிகிறது. திரும்பி வருகிறேன், அல்லது வரவில்லை என்று ஆகஸ்ட் முடிவதற்குள் எழுதவேண்டும். ஜூன் முழுவதும் நான் குலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்டில் தொங்கிய காய்ந்த சருகுகளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கினேன். பூச்சி பிடிக்கும், பார்க்கவும் அசிங்கம் என்று ஒரு மூலையில் குவித்தேன்.

ஜூலையில் ஆஸ்பத்திரியில் என்னைச் சிட்னிக்குப் போகச் சொன்னார்கள். பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் புது இயந்திரம் ஒன்று வந்திருந்தது, அதைப் பழகிவர ஐந்து நாள். லாபிலிருந்து ஒருவரை மட்டும் அனுப்பினார்கள், அது நான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் குலையை யார் பார்ப்பது? அந்த வாரம் உறைபனி விழும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் இத்தாலியப் பெண்ணிடம் போனேன். எத்தனை மணிக்குப் போர்வை போடவேண்டும், எத்தனை மணிக்கு எடுக்கவேண்டும், சாக்கின் எந்த முடிச்சை அவிழ்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒன்றுவிடாமல் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். கணவருக்கு, குளிர்ப்பெட்டியில் ஐந்து நாளுக்குக் கறி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். போட்டு வாறன் என்றேன். கவனமாய்ப் போம் என்றார்.

திரும்பி வந்தது சனிக்கிழமை. சிட்னியிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, டண்டினொங் ரயில் பிடித்து, பெட்டியோடு வீட்டுக்கு நடந்துவந்தபோது காலை ஒன்பது மணி. நிழல் இருந்த இடமெல்லாம் புல் வெள்ளையாகவே இருந்தது. வழியில் இத்தாலியப் பெண்ணின் வீட்டைப் பார்த்தேன். யன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன, வாசலில் பால் போத்தல் இல்லை. அவளுடைய மகள் ஜீலோங்கில் இருந்தாள். அவளுக்கு ஏதோ சுகமில்லை என்று, நான் போன அடுத்தநாளே இவள் அங்கே போய்விட்டாள் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது வீடு பூட்டியிருக்கிறது என்பதும், ஐந்து இரவு போய்விட்டது என்பதும்தான். நான் பெட்டியை வாசல் படலையடியில் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

மரம் நின்றது. போர்வை மடித்துப் பீப்பாயின்மேல் வைத்திருந்தது. நான் கட்டியிருந்த சாக்கு இல்லை. நான் வெட்டிக் குவித்த அதே சருகுகளைத் தண்டைச் சுற்றிவர அடுக்கு அடுக்காக வைத்து, வாழை நாராலேயே கட்டியிருந்தது. பொத்தியை அளவாக அறுத்திருந்தது. குலையைச் சருகாலே போர்த்து, கீழ்ப்பக்கம் காற்றுப் போவதற்குத் திறந்து விட்டிருந்தது. பாரம் தாங்கக் கவர்த்தடி ஒன்று முட்டுக் கொடுத்து நின்றது. நான் சருகை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். காய்கள் பச்சையாக, வழவழப்பாக இருந்தன. ஒன்றுகூடக் கறுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் குலையை இப்படித்தான் கட்டுவார்கள். அதை நான் வீதியால் போகும்போது ஆயிரம்தரம் கண்டிருக்கிறேன். எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

அவர் பின்கதவைத் திறந்துகொண்டு வந்து படியில் நின்றார். காலுறையோடு நின்றார். நான் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். குளிர்ந்தது, கட்டாவிட்டால் கறுத்துப்போகும் என்றார். இது கறுத்தால் நீங்கள் போகலாமே என்றேன். ஓம், போகத்தான் விருப்பம், இப்போதும் அப்படித்தான் என்றார். அப்படியென்றால் முதல் வாழை அழுகும்போது ஏன் ஒரு சொல்லுச் சொல்லவில்லை, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு செய்தீர்கள் என்று நான் கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பதில் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருந்தது.

"பதினாலு வருஷம் எனக்கு அதுதான் வேலை. விடிய எழும்பினா வாசல்லை ஆள் நிக்கும். ஐயா, இலை சுருளுது, ஐயா, குருத்து வாடுது, என்ன செய்யிறது எண்டு. இஞ்சை வந்து அஞ்சாம் வருஷம். என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நீர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, இப்ப வந்து கேப்பீர் எண்டு யன்னலிலை நிண்டனான். நீர் கேக்கேல்லை. பிறகு வேலிக்கு அங்காலை போய்க் கேட்டீர்."

அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். நான் செடிக்கடைக்காரரிடம் கேட்டேன், நூலகத்தில் தேடினேன், பாஷை தெரியாத பெண்ணிடம் கையால் காட்டிக் கேட்டேன். ஒரே வீட்டில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்ட விவசாயப் போதனாசிரியரிடம் மட்டும் கேட்கவில்லை. இதில் அவர் எதிர்க்கட்சி என்று நானே முடிவுகட்டிவிட்டேன். எதிர்க்கட்சியிடம் யாராவது யோசனை கேட்பார்களா. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. ஸ்ரோர்ஸில் பெட்டி எண்ணும் மனிதரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று, எப்போதோ, என்னை அறியாமலே, நானும் நினைக்கத் தொடங்கியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இப்போதும் போகவில்லை.

அப்போதே அவரிடம் வாழையைப் பற்றி ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பிச்சை போட்டதுபோல இருந்திருக்கும். அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். அவர் தேத்தண்ணி போட்டார். நான் அவருக்குச் சிட்னி இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு போர்வையை அவர் பார்த்துக்கொண்டார். நான் விட்டுவிட்டேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள், வாழையை மறந்துவிடுங்கள், அது பகிடிக்குச் சொன்னது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள் என்றேன். எனக்குப் போகத்தான் விருப்பம் என்றார். எனக்கு இருக்கத்தான் விருப்பம் என்றேன். இரண்டு பேரும் அதை அவ்வளவு சுருக்கமாக அதற்கு முதல் சொன்னதில்லை. இரண்டு மூன்று கிழமை அதைப் பற்றிப் பேசினோம், ஒருதரம் அழுதோம். கடைசியில் அவர் கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு மேசையில் இருந்து, தாம் திரும்பி வரவில்லை என்று தம் இலாகாவுக்கு எழுதினார். பதினாலு வருஷ வேலையை நாலு வரியில் விட்டார். நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. எனக்கு இருக்கவேண்டும். அதை அவரிடமும் மறைக்கவில்லை, இங்கேயும் மறைக்கப்போவதில்லை.

அவர் கடித உறையை நக்கி ஒட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உண்மையாகவே தெரியவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஊரில் குலையில் ஒரு காய் மஞ்சளாகும், உடனே வெட்டுவார்கள். இந்தக் குளிரில் அது மரத்தில் பழுக்கவே போவதில்லை. முற்றிவிட்டதா, இன்னும் முற்றவேண்டுமா என்று வெளியே பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ, குலையை எப்ப வெட்டுறது?"

அவர் உறையை மேசையில் வைத்தார். எழுந்து சப்பாத்துப் போட்டு, அதன் நாடாவை நிதானமாகக் கட்டினார். வெளியே போனார். நான் யன்னலில் நின்று பார்த்தேன். சருகை விலக்கி, ஒவ்வொரு சீப்பாக, ஒவ்வொரு காயின் விளிம்பையும் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மேல் சீப்பிலிருந்து தொடங்கிக் கடைசிச் சீப்பு வரைக்கும் போய், திரும்பவும் மேலே வந்தார். அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்று எனக்கே தெரியும். உள்ளே வந்து கையைக் கழுவினார்.

"விளிம்பு இன்னும் மழுங்கேல்லை, காய் முத்த வேணும். பத்து நாள் விடும். பத்தாம் நாள் வெட்டி, வைக்கோலுக்குள்ளை மூடி வையும்."

மகளுக்குச் சுகமாகும்வரை ஜீலோங்கில் இருந்த இத்தாலியப் பெண் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தாள். வேலியால் எட்டிப் பார்த்து, காய் இன்னும் மெலிவாக இருக்கிறது, இன்னும் ஒரு மாதம் விடு, அவசரப்படாதே என்று கையால் காட்டினாள். அவள் சொல்லி அதுவரை நான் ஒன்றையும் தட்டியதில்லை. பத்தாம் நாள் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு போய் வெட்டினேன்.